இரண்டாவது தண்ணீர்

அந்தத் தண்ணீர் அவன்மேல் விழுந்திருக்கவே கூடாது...

சனோபர் தினமும் அதே நேரத்தில், அதே வாசலில் நின்று, அதே பாத்திரத்தைத்தான் தெருவோர வாய்க்காலில் கவிழ்ப்பாள். மர்கிலான் ஊரில் அந்தத் தெருவில் நடமாடுகிற எல்லோருக்கும் அது தெரியும். தபால்காரருக்குத் தெரியும். நாய்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சேவல்கூட அந்த நேரத்தில் மட்டும் அவள் வாசலை ஓட்டமாய்க் கடக்கும். தெரியாதவன் உலகத்தில் ஒருவன்தான் பாக்கி இருந்தான். அவன் அன்றைக்கு வந்து சேர்ந்தான்.

சலார்!

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மல்பெரி மரத்தடியில், குனிந்து தரையைக் காலால் அளந்துகொண்டிருந்த ஓர் ஆள் மெதுவாக நிமிர்ந்தான். தலையில் சதுரத் தொப்பி. தொப்பியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி... மூக்கு நுனியில் நின்று கொஞ்சம் யோசித்து... மீசையில் விழுந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் சனோபர் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கண்கள்... திட்டமாய்க் கொதித்த தேநீர் மாதிரி ஒரு பழுப்பு. கோபப்பட வேண்டிய நேரத்தில் அவை எதையோ தேடிக்கொண்டிருந்தன. அவன் தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தான்.

"மஞ்ச கேரட்டு" என்றான்.

"ஆமா..."

"கூடக் கொஞ்சம் முட்டைகோசு."

"ஆமா."

"வேக வச்ச தண்ணி. உப்பு போடல."

"மோந்து பாத்தே எல்லாத்தையும் சொல்றீங்களே... போலீஸ்ல நாய் வேலை பாக்கறீங்களா?"

"ஓஷ் சமைக்கறேன்" என்றான் அவன். "சட்டை நனைஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. சட்டை காஞ்சிடும். ஆனா இதைப் போயி வாய்க்கால்ல கொட்டறீங்களே! காயோட உயிரே இந்தத் தண்ணியிலதானே இருக்கு!"

"அந்த உயிருதாங்க எங்கப்பா உயிரை எடுக்குது!"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள் சனோபர். சாத்திய கதவின் பின்னால் நின்றபோதுதான், மன்னிப்புக் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கதவிடுக்கில் பார்த்தாள். அவன் இன்னும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றான்... ஓடிப்போகிற தண்ணீரைக் கையை நீட்டிக் கூப்பிட்டுவிடலாமா என்கிற மாதிரி.

எங்கள் பக்கத்தில் அரிசி, கறி, கேரட் மூன்றையும் ஒரே கொப்பரையில் போட்டு வேக வைப்பதற்கு ஓஷ் என்று பெயர். சோறு என்றாலே அதுதான். அதைச் சமைப்பதில் எல்முரோத் என்கிற அந்த ஆளுக்குப் பெரிய பேர். அவன் கொப்பரையைத் திறந்த வாசனைக்கு அந்திஜான் ரயில் ஒருமுறை தண்டவாளத்தை விட்டு இறங்கி மர்கிலானுக்குள் வந்ததாகச் சொல்வார்கள். அது பொய். ரயில் இறங்கவில்லை. நின்றது, அவ்வளவுதான். டிரைவர் சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போனார்.

எதிர்வீட்டு சோபிரின் பேரனுக்குக் கல்யாணம். விடிகாலை விருந்துக்கு அடுப்புப் போட இடம் பார்க்க வந்த இடத்தில்தான் எல்முரோத் இப்படி நனைந்தான்.

"யாரும்மா வாசல்ல?" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "சமையக்காரனா? சமையக்காரன்னு காதுல விழுந்துச்சே..."

"சமையக்காரனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க சாப்பிடுங்க."

"எதை?"

"முட்டைகோசை."

உள்ளே தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

ஹைதராலி ஒரு காலத்தில் பஸ் ஓட்டினவர். ஒரே காலையில் மூன்று கல்யாணங்களில் ஓஷ் சாப்பிட்டுவிட்டு, நாலாவது வீட்டில் "இன்னிக்கு வயிறு சரியில்ல, கொஞ்சமா போடு" என்று உட்கார்ந்தவர் என்று அவருக்குப் பட்டம் உண்டு. அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகம் இரண்டும் சோர்ந்துபோய்விட்டன. "இனிமே சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையில பாதியை உங்க அடுப்படிதான் செய்யணும்" என்று டாக்டரம்மா சனோபரிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் அடுப்படி ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. காயைத் தோல் சீவி, நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைப்பாள். அந்தத் தண்ணீரைக் கொட்டுவாள். புதுத் தண்ணீர் நிறைய வைத்து வேக வைப்பாள். அந்த இரண்டாவது தண்ணீரையும் கொட்டுவாள். காயில் இருக்கிற பொட்டாசியம் முழுக்க இல்லாவிட்டாலும் பாதிக்கு மேல் அதோடு போய்விடும். மிச்சமிருப்பதால் அதிலும் ஒரு தேநீர்க் கிண்ணம்தான் அளவு. தக்காளி கிடையாது. சூப் கிடையவே கிடையாது. ஆப்ரிகாட் வற்றல் என்கிற பேச்சே அந்த வீட்டில் எடுக்கக் கூடாது.

பொட்டாசியம் ஏறினால் இதயம் தடுமாறும். ஏறிக்கொண்டே போனால் டயாலிசிஸ் மெஷின்தான். அப்பாவை அந்த மெஷினில் படுக்க விடுவதில்லை என்று சனோபர் முடிவு கட்டியிருந்தாள். மர்கிலான் பெண்கள் முடிவு கட்டினால் மலை கொஞ்சம் நகர்ந்து வழிவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாமிர் மலை அவ்வளவு தூரத்தில் இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அவள் வேலை கல்யாண உடுப்புத் தைப்பது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பட்டு தைத்துக் கொடுத்துவிட்டு, தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவாள். "நான் போயிட்டா ரெண்டாவது தண்ணிய யார் கொட்டுவா?" அவ்வளவுதான் அவள் கேள்வி. வந்தவர்களுக்கு முதல் தண்ணீரே புரியவில்லை.

*

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. வசந்த மழை... மல்பெரி இலைகளில் பட்டு நூல் நூலாய்த் தொங்கியது.

எல்முரோத் மழையிலேயே நின்று களிமண்ணைக் குழைத்து அடுப்புக் கட்டினான். ஹைதராலி கதவைத் திறந்து போட்டு, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டு, அடுப்புக் கட்டுவதைச் சினிமா மாதிரி பார்த்தார். சாயங்காலத்துக்குள் இருவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

"உஸ்தா" என்றார் ஹைதராலி. தேர்ந்த சமையல்காரனை அப்படித்தான் கூப்பிட வேண்டும். "என் சிநேகிதன் வீட்டுக் கல்யாணம். நான் போகக் கூடாதாம். என் மக உத்தரவு."

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. "போனா என்ன ஆகும்னு அவருகிட்டயே கேளுங்கப்பா" என்று சனோபரின் குரல் வந்தது. "ஆளாளுக்கு ஒரு பிடி ஓஷை எடுத்து உங்க வாயில வைப்பாங்க. கையில ஊட்டினா வேணாம்னு சொல்ல முடியுமா உங்களால? ஊரே ஊட்டும். ஊரே ஊட்டினதுக்கப்புறம் நான் உங்களை எங்க கொண்டுபோறது?"

அது நிஜம்தான் என்று எல்முரோத் தலையாட்டினான். ஊட்டுகிற கையைத் தட்டிவிட்டவனை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. அப்படி ஒருவன் இருந்திருந்தால் அவன் தாஷ்கண்டுக்குக் குடிபோயிருப்பான்.

ஹைதராலி மழையைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் எல்முரோத் களிமண் கையோடு வாசல்வரை வந்து நின்றான்.

"நான் செஞ்சா?" என்றான்.

"எதை?" சனோபர் கதவோரம் வந்தாள்.

"இவருக்குன்னு தனிச் சட்டியில ஓஷ். நீங்க சொல்ற மாதிரி. முதல்ல ஒரு கிண்ணம் செஞ்சு பாப்போம். சரியா வந்தா, கல்யாணத்தன்னிக்கு அவருக்கு யார் ஊட்டினாலும் அந்தச் சட்டியிலேருந்துதான்."

"உங்களால முடியாது."

"என்னாலயா?!"

"காய்த் தண்ணிய வாய்க்கால்ல பாத்ததுக்கே நேத்து அழுதுட்டிருந்தீங்க."

"அது மழை..."

"நேத்து மழையே இல்ல."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை... ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான் என்பதையும் அவள் பார்த்துவிட்டாள்.

தாழ்வாரத்தில் பலகை போட்டு, கேரட்டை வைத்துப் பாடம் ஆரம்பமானது. அவள் நறுக்கிக் காட்டினாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இது நறுக்கலா? விறகு பொளக்கறீங்க! கத்தியைக் கொடுங்க."

அவன் கை ஓடியது. கேரட் தன் வேலையைத் தானே செய்துகொள்கிற மாதிரி இழை இழையாய் விழுந்தது. ஒரு இழையை எடுத்து மழை வெளிச்சத்தில் பிடித்தாள் சனோபர். அந்தப் பக்கம் இருந்த அவன் கண் அதன் வழியே மஞ்சளாய்த் தெரிந்தது. திடுக்கிட்டு இழையைக் கீழே போட்டாள்.

"எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது" என்றாள், குரலைச் சரிப்படுத்திக்கொண்டு. "உள்ள இருக்கறது சீக்கிரம் தண்ணியில எறங்கும். எறங்கினதுக்கப்புறம்...?"

"கொட்டணும்" என்றான் அவன். பல்லைப் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி இருந்தது முகம்.

"புதுத் தண்ணியில வேக வச்சதுக்கப்புறம்...?"

"அதையும்... கொட்டணும்."

"உஸ்தா, சொல்லும்போதே உங்களுக்கு வேர்க்குது."

"எங்க மாமா கொப்பரையை எனக்குக் கொடுக்கறப்ப ஒண்ணே ஒண்ணுதாங்க சொன்னாரு... கேரட்டும் கறியும் வெந்த சாறு ஒரு சொட்டு சிந்தினாலும் உவோல்."

உணவை வீணாக்குகிறவனைத் தேடி வந்து பிடிக்கிற பாவத்துக்கு இங்கே உவோல் என்று பெயர். ரொட்டித் துணுக்கு விழுந்தால் எடுத்து நெற்றியில் ஒற்றி, குருவிக்கு எட்டும் உயரத்தில் வைப்பார்கள். எங்கள் ஊர்க் குருவிகள் பறக்க முடியாமல் நடந்து திரிவது அதனால்தான்.

"வீணாப் போகல" என்றாள் சனோபர். "அந்த மரத்தைப் பாருங்க. தினமும் அதுதான் குடிக்குது."

வாசலில் மல்பெரி மரம் மழையில் நின்றது. தெருவிலேயே அதுதான் உயரம். எல்முரோத் மரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மரத்தைப் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம்...

*

சோதனை ஓஷ் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கிண்ணத்தைத் திறந்ததும் சீரக வாசனையில் ஹைதராலியின் தொப்பி தானாகவே கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

"கேரட்டை ஊற வச்சீங்களா?" என்று கேட்டாள் சனோபர்.

"வச்சேன்."

"தனியா வேக வச்சீங்களா?"

"வேக வச்சு, எடுத்துத்தான் அரிசியில கலந்தேன். கறி ரெண்டே துண்டு. உப்பு விரல் நுனியால."

அப்பா ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சனோபர் திரும்பிக்கொண்டாள்... அவள் கண்ணும் அப்படித்தான் இருந்தது. திரும்பிய பக்கத்தில் எல்முரோத் நின்றான். அவன் நெஞ்சும் அவள் நெஞ்சும் நிறையப் பேசின...

மறுநாள் காலை அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். நெஞ்சு ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது என்றார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மருந்து ஏற்றி, மத்தியானத்துக்கு மேல்தான் டாக்டரம்மா முகம் தெளிந்தது.

"பொட்டாசியம் ஏறிடுச்சு. இந்தத் தடவை இறக்கிட்டோம். அடுத்த தடவை மெஷின்தாம்மா... நேத்து என்ன சாப்பிட்டாரு?"

ஆஸ்பத்திரி வாசலில் எல்முரோத் நின்றுகொண்டிருந்தான். செய்தி கேட்டு, கையில் மாவோடு அப்படியே ஓடி வந்திருந்தான். சனோபர் நேராக அவன்முன் போய் நின்றாள்.

"ரெண்டாவது தண்ணிய என்ன பண்ணீங்க?"

அவன் கண் தாழ்ந்தது.

"கேக்கறேன்ல... கொட்டினீங்களா?"

"முதல் தண்ணிய கொட்டிட்டேன்..." என்றான் மெதுவாக. "ரெண்டாவதைக் கொட்டக் கை வரல. அவ்வளவு வாசனை... அவ்வளவு நெறம்... கேரட்டைத்தானே எடுத்துட்டோம்னு, அந்தத் தண்ணியிலயே அரிசியை வேக வச்சேன்."

சனோபருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"காய்லேருந்து பாடுபட்டு எடுத்ததை அரிசியில ஏத்தி, எங்கப்பாவுக்கே ஊட்டியிருக்கீங்க" என்றாள். "நீங்க உவோல்லேருந்து தப்பிச்சிட்டீங்க உஸ்தா. சந்தோஷமா போயிட்டு வாங்க. எங்க வாசப்பக்கம் மட்டும் வராதீங்க."

அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "உள்ள போய் அவரை ஒரு தடவை பாத்துட்டு மட்டும் போயிடட்டுமா?" என்றான். பார்த்துவிட்டு வந்தான். தலை குனிந்தபடியே போனான்.

*

அப்பா வீடு திரும்பினார். கதவு சாத்தியே கிடந்தது. எதிரே அடுப்புகள் காய்ந்தன. எல்முரோத் அவள் தண்ணீர் கொட்டுகிற நேரத்தில் மட்டும் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டான். சேவல்கூட அவளை அவ்வளவு மதித்ததில்லை.

அவன் போகட்டும்... என்று பட்டில் ஊசியைக் குத்தினாள். யாரோ ஒரு சமையல்காரன்... என்று இன்னொரு குத்து. மாலைக்குள் அந்தக் கல்யாண உடுப்பின் கை, கழுத்துக்கான இடத்தில் தைக்கப்பட்டிருந்தது. பிரித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன அப்பாவின் பஞ்சு அங்கியைத் துவைக்க எடுத்தாள். அங்கி கலகலவென்று சத்தம் போட்டது. உதறினாள். மறுபடியும் கலகல. உள் துணியில் ஒரு கிழிசல் இருந்தது. விரலை விட்டாள்.

கொட்டைகள்! ஆப்ரிகாட் வற்றலின் கொட்டைகள்... கைப்பிடி கைப்பிடியாய் வந்துகொண்டே இருந்தன. எங்கள் பெர்கானாப் பள்ளத்தாக்கின் பாதித் தோட்டம் அந்த அங்கிக்குள் இருந்தது.

"அப்பா!"

ஹைதராலி பார்த்தார். ஓடலாமா என்று யோசித்தார். கால் ஒத்துழைக்காது என்று உட்கார்ந்தார்.

"பருப்பை அப்புறமா ஒடைச்சுத் திங்கலாம்னு வச்சிருந்தேன்..."

"எப்ப தின்னீங்க இதையெல்லாம்?"

"எப்பவாச்சும்... அந்த வெள்ளிக்கிழமை கொஞ்சம் நெறைய. ஓஷ் சாப்பிட்ட சந்தோஷத்துல." தாடையைச் சொறிந்தார். "அவனுக்குத் தெரியும்மா."

"யாருக்கு?"

"உஸ்தாவுக்கு. ஆஸ்பத்திரியில என்னைப் பாக்க வந்தான்ல... அங்கியைப் போத்திவிட்டான். கலகலன்னுச்சு. தொட்டுப் பாத்தான். என்னையும் பாத்தான். நான் சொன்னேன், என் மககிட்ட சொல்லிடுப்பா, உன் தலையில பழி இருக்கேன்னு."

"என்ன சொன்னாரு?"

"'பாதிப் பழி எனக்கு உண்டு, மீதியும் என்கிட்டயே இருக்கட்டும். உங்களுக்கு இருக்கறது ஒரே மக. அவங்க ராத்திரி பகலா கொதிக்க வச்சுக் கொட்டறதுக்கு நீங்க இப்படிப் பண்ணீங்கன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க. இனிமே தின்னாதீங்க, அது போதும்'னான்." அப்பா அங்கியின் கிழிசலை விரலால் மூடினார். "அதுக்கப்புறம் ஒண்ணுகூடத் தொடலம்மா. சத்தியமா. நீ வேணா மோந்து பாரு."

சனோபர் கொட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாமேல் கோபம் வந்தது. வந்த கோபம் பாதி வழியில் ஒரு பழுப்புக் கண்ணில் தடுக்கி விழுந்தது...

*

கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தியில் கேரட் நறுக்குவது எங்கள் ஊர் வழக்கம். தெரு ஆண்கள் எல்லோரும் கத்தியோடு வந்து நீளப் பலகைகளின் முன் உட்காருவார்கள். கேரட் மலையாய்க் குவிந்திருக்கும். அந்த வருஷக் குவியலின் அந்தப் பக்கம் இருந்த ஒருவர், இந்தப் பக்கம் சூரியன் மறைந்தது தெரியாமல், பகல் என்று நினைத்து நறுக்கிக்கொண்டே இருந்தார். பெண்கள் அங்கே வருவதில்லை.

சனோபர் போனாள்.

பேச்சு நின்றது. கத்திகள் நின்றன. மழை மட்டும் நிற்காமல் மெல்லத் தூறியது. கொப்பரைகளைத் தாண்டி, மல்பெரி மரத்தடியில் தணிந்த ஒரு சின்ன அடுப்பின்மேல் ஒரு சின்னச் சட்டி கொதித்து ஆறியிருந்தது. அதன் பக்கத்தில் எல்முரோத் நின்றிருந்தான். அவள் வந்ததை அவன் பார்க்கவில்லை. கேரட்டை அள்ளி எடுத்துவிட்டு, சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினான்.

"உஸ்தா, உஸ்தா!" என்று பதறினார் கல்யாண வீட்டு சோபிர். "என்னப்பா பண்ற? கேரட்டுச் சாறு! உவோல்!"

"முதல் தண்ணி ஏற்கெனவே போச்சு பெரியவரே. இது ரெண்டாவது."

"நான் பாத்து, உன் மாமா ஒரு சொட்டு சிந்தினதில்ல. ஊரே பாத்துட்டிருக்கு, நீ போயி..."

"பாக்கட்டும்." குரல் உயரவில்லை. ஆனால் அசையவுமில்லை. "எல்லாருக்கும் இது சாறு. எதிர்வீட்டு ஹைதராலிக்கு இது விஷம். நாளைக்கு அவர் உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். இன்னொரு விஷயம், இன்னிக்குச் சொல்லிடறேன், நாளைக்கு அவருக்கு யார் ஊட்டினாலும் இந்தச் சட்டியிலேருந்து ஊட்டுங்க. ஒரு பிடி. அதுக்கு மேல ஊட்டறவங்க முதல்ல எனக்கு ஊட்டணும்."

"உனக்கு ஊட்டினா?"

"கடிச்சுடுவேன்."

நறுக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கையை வீசி வாய்க்காலை நோக்கிச் சட்டியைக் கவிழ்த்தான்.

சலார்!

தண்ணீர் வாய்க்காலில் பாதிதான் விழுந்தது. மீதி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்றவளின் பாவாடையில், கையில், செருப்பில்...

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ... நீங்க எப்ப..."

சனோபர் கையை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு மூச்சு இழுத்தாள். "மஞ்ச கேரட்டு" என்றாள். "உப்பு போடல."

அவன் சட்டியைக் கீழே வைத்தான்.

அவள் மடித்துப் பிடித்திருந்த சால்வை நுனியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஆப்ரிகாட் கொட்டைகள்.

"ஏன் சொல்லல?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"அரிசி நான் வேக வச்சதுதானே... அந்தத் தப்பை வச்சுக்கிட்டு இதை மட்டும் எப்படிச் சொல்றது?"

"நான் எவ்வளவு பேசிட்டேன் உங்களை!"

"சரியாத்தான் பேசினீங்க. அன்னிக்கு நான் பயந்தது உவோலுக்குக்கூட இல்லீங்க, காப்பாத்தினது என் கர்வத்தை. வாசனைக்கு ஆசைப்பட்டேன்." அவன் காலி சட்டியைக் காட்டினான். "வீட்டுல தினமும் கொட்டிக் கொட்டிப் பழகிட்டேன். முதல் நாள் கை நடுங்குச்சு. இப்ப... பாத்தீங்கல்ல... கொஞ்சம் வேகம்தான் ஜாஸ்தியாயிடுச்சு."

இந்தத் தடவை அவள் உதட்டைக் கடித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு, குவியலின் அந்தப் பக்கம் இருந்தவர் சூரியன் இன்னும் ஏறிவிட்டதாக நினைத்து இன்னொரு கேரட்டை எடுத்தார்.

*

விடிகாலையில் இசைக்குழலும் முரசும் முழங்கின. ஹைதராலி சலவை அங்கியில், சோபிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னச் சட்டி ஓஷ், கிண்ணத்தில் அவர்முன் வந்தது. சோபிர் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, விரலால் அழுத்தி, சிநேகிதனின் வாயில் வைத்தார்.

பெண்கள் பக்கத்துத் திரையின் ஓரத்தில் சனோபர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹைதராலி மென்றார். ரொம்ப நேரம் மென்றார். கிண்ணத்தில் இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். அப்போதுதான், அந்தி நறுக்கலுக்கு வராத கல்யாண வீட்டு உறவுக்காரர் ஒருவர், பெரிய கொப்பரை ஓஷைக் கை நிறைய எடுத்துக்கொண்டு அன்போடு குனிந்தார்.

"மாமா, என் கையால ஒரு பிடி!"

எல்முரோத் கரண்டியோடு பாய்ந்து வந்தான். வரும்முன்பே ஹைதராலி கையை நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்தார்.

"நீ கொடுத்ததா ஆச்சுப்பா. எனக்குப் போதும்."

பந்தி முழுக்கக் கேட்டது. ஹைதராலி போதும் என்று சொன்னார்! முரசு அடிக்கிறவன் ஒரு அடியை விட்டுவிட்டான். சோபிருக்குப் புரையேறியது. திரைக்குப் பின்னால் சனோபர் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்... இத்தனை காலமும் தனியாக இழுத்த கயிற்றின் மறு நுனியை இன்றைக்குத்தான் அப்பா பிடித்திருக்கிறார்.

விருந்து முடிந்து தெரு காலியானது. அவள் வழக்கமான நேரத்தில், வழக்கமான பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மரத்தடியில், எல்முரோத் நின்றான். அடுப்பெல்லாம் பிரித்தாகிவிட்டது. அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"நகருங்க. தண்ணி கொட்டணும்."

"நகரல."

"நனைவீங்க."

"பழக்கம்தான்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பந்தி பந்தியாய்ப் பரிமாறியவனுக்கு இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "உங்களைப் பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்டயெல்லாம் நீங்க ஒரு கேள்வி கேப்பீங்களாமே... அப்பா சொன்னாரு."

சனோபர் பாத்திரத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "என்ன கேள்வி...?"

"நீங்க போயிட்டா ரெண்டாவது தண்ணிய யார் கொட்டுவான்னு."

மழை நின்றிருந்தது. இலைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன... ஒன்று... இன்னொன்று...

"பதில் இருக்கா உங்ககிட்ட?" என்றாள்.

"நீங்க எங்கயும் போக வேணாம். நான் வரேன். இந்த வீட்டுக்கே." அந்தத் தேநீர்க் கண்கள் நேராக அவளைப் பார்த்தன. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு சனோபர். தண்ணி தலையில விழுந்த அன்னிக்கே பிடிச்சுப்போச்சு. முதல் தண்ணிய நீங்க கொட்டுங்க... ரெண்டாவது தண்ணிய நான் கொட்டறேன். ஆயுசு முழுக்க."

கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. ரொம்பச் சந்தோஷமான இருமல்.

சனோபர் வாய்க்கால் ஓரம் வந்தாள். இரண்டு கையாலும் பாத்திரத்தை நீட்டினாள். வாய்க்காலின் குறுக்கே அவன் அதை வாங்கினான். விரலும் விரலும் பட்டன...

"இது ரெண்டாவது தண்ணிதான்" என்றாள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. "கொட்டுங்க. பாத்து... மரத்தடியில."

அவன் கொட்டினான். இந்தத் தடவை ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

அந்த வருஷம் அந்த மரத்தில் காய்த்த மல்பெரி ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஒரு பழத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். ஹைதராலிக்கு மட்டும் தரவில்லை.